லாக்கர் கதவில் ஒட்டிய சட்டம்

சவுதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் குடிதண்ணீர் மெஷின் வந்தது என்னால். நம் ஊர்ச் சாப்பாட்டுக்குத் தனி மெஸ், மூன்றாம் பிளாக்குக்கு ஏசி, வெள்ளிக்கிழமை கடைத்தெருவுக்கு பஸ், எல்லாம் என்னால். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அரைகுறை இந்தியில் மேனேஜரிடம் நின்று வாங்கினேன். தொழிலாளர் கமிட்டிக்கு நான்கு முறை கை தூக்கி என்னையே அனுப்பினார்கள். கேம்ப்பில் எனக்குப் பெயரே எம்.எல்.ஏ.தான். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது நான் போட்ட லாக்கர் அட்டைச் சட்டம். அதை யார் போட்டது என்பதில்தான் இப்போது தகராறு.

எங்களிடம் ஒரு பழக்கம். ஆளை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். தேனி, சிவகங்கை, அரியலூர். வருடக்கணக்கில் ஒரே ரூமில் படுத்தவனின் சொந்தப் பெயர் தெரியாது.

ஒரு வெயில் காலத்தில் டேங்க்குக்குள் வேலை செய்தவர் மயங்கி விழுந்து இறந்தார். ஃபோர்மேன் போன் செய்தார்.

"எம்.எல்.ஏ அண்ணே, நம்ம அரியலூரு போயிட்டாரு. வீட்டுக்கு நீங்கதான் சொல்லணும்."

என் போனில் 'அரியலூர் வீடு' என்று ஓர் எண் இருந்தது. கமிட்டி ஆள் நான், நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்ற வேகம். அவர் மனைவி எடுத்தாள். சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அரியலூர் இறங்கினார், கையில் டிபன் கேரியரோடு.

"என்னண்ணே, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?"

இரண்டாம் பிளாக்குக்குப் புதிதாக வந்தவரும் அரியலூர்தான். இறந்தது அவர். எனக்கு அது தோன்றவே இல்லை. இங்கே உயிரோடு நின்றவர் வீட்டில் அதற்குள் பந்தல் போட்டிருந்தார்கள். வீடியோ காலில் முகத்தைக் காட்டியும் அந்தப் பெண் நம்பவில்லை. சட்டையைக் கழற்றி முதுகுத் தழும்பைக் காட்டச் சொன்னாள்.

இறந்தவர் வீட்டு எண் யாரிடமும் இல்லை. அவர் போன் போலீஸில். ஆபீஸ் ஃபைலில் இருந்தது ஏஜெண்ட் நம்பர், அவன் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள்தான் எண் கிடைத்தது. அவருடைய அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"இந்த நாலு நாளா எம் புள்ள பக்கத்துல யாருய்யா இருந்தா?"

யாரும் இல்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே சட்டம் போட்டேன். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர், வீட்டு எண் எழுதிய அட்டை ஒவ்வொரு லாக்கர் கதவிலும் உள்பக்கம் இருக்க வேண்டும்.

"சாவுக்கு அட்வான்ஸ் புக்கிங்காண்ணே?" என்றான் தேனி.

"ஆமாடா, மொத சீட்டு எனக்கு" என்று என் அட்டையை முதலில் ஒட்டினேன். பிறகு எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பசை டப்பாவோடு கட்டில் கட்டிலாகப் போனேன். ஒட்டாதவனுக்கு மெஸ்ஸில் சோறு கிடையாது என்றேன்.

இன்று கம்பெனியின் எல்லாக் கேம்ப்பிலும் அந்த அட்டை உண்டு. வாசலில் போர்டு வைத்து, வெல்ஃபேர் ஆபீசரின் யோசனை என்று அவர் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அவர் வந்தே ஒரு வருடம் ஆகவில்லை. போய்க் கேட்டேன். "சாச்சா, அது பழைய கதை, கலாஸ்" என்றார், முடிந்தது என்று அரபியில்.

அவர் படத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கீழே என் பெயரையும் எழுதுங்கள். தப்பான வீட்டுக்குப் போன் செய்தவன் இவன், சட்டம் போட்டவனும் இவன் என்றே எழுதுங்கள். இரண்டில் எதையும் நான் வேறு ஆளுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.