மாமன் கட்சி, மச்சினன் கட்சி

லிஃப்ட்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. நின்றுபோன லிஃப்டை ஓட வைப்பது அவர் தொழில். ஓடுகிற வாயை நிறுத்துவது மட்டும் அவருக்குக் கைவராத வித்தை. எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் வேறு. தேர்தல் வந்துவிட்டால் அந்தக் குரலை அவர் கட்சி ஓயவே விடாது.

அந்த வருடம் கட்சி முன்னால் வைத்த வாக்குறுதி இதுதான்: டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து எதுவானாலும், வாங்குகிறவர் யாரானாலும், விலையை அரசாங்கம் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் வைத்தியம் அந்த நாட்டில் ஏற்கெனவே இலவசம். சீட்டோடு வெளியே வந்து மருந்துக்கடைப் படி ஏறினால்தான் அவரவர் பாடு அவரவருக்கு.

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு சாப்பாடு போடாத கதையா இருக்கே இது!" என்று அவர் முழங்கினால் தெருவே சிரிக்கும்.

சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி, சலூன்காரன், எதிர்க்கட்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"எல்லாருக்கும் எல்லா மருந்தும்னா கஜானா தாங்குமா மாமா? காப்பீடு இல்லாதவங்களுக்கு முதல்ல கொடுப்போம். அதுவும் பிரஷர், சுகர், ஆஸ்துமா மருந்துல ஆரம்பிப்போம்."

"பாதிக் கிணறு தாண்டச் சொல்றியா?"

"நீங்க தாண்டிக் காட்டுங்க. நாங்க பாலம் கட்டிக்கிறோம்."

"ரெண்டு பேரும் முதல்ல தட்டைக் கழுவுங்க" என்பாள் அக்கா. பேக்கரியில் கேக் மேல் கிரீமால் பூப்போடுகிற வேலை அவளுக்கு. கை எவ்வளவு மென்மையோ வாய் அவ்வளவு கறார்.

லிஃப்ட்காரர் இருவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்பு செய்து, அவர் தனியாகத் தொழில் செய்ய ஆரம்பித்தபோது, கம்பெனி தந்த மருந்துக் காப்பீடும் போய்விட்டது. பிரஷர் மாத்திரை விலையோ கொள்ளை விலை. அதனால் சட்டைப்பையில் ஒரு டப்பா வைத்துக்கொண்டு, மாத்திரையை உடைத்து, பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கொஞ்ச நாள்தானே என்று ஒரு சமாதானம்.

பிரசாரத்துக்குப் போன அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் ஓடவில்லை. படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கதவைத் திறந்தவர்கள் எல்லாம் அவரைப் பார்த்ததும் மலர்ந்தார்கள்.

"வாங்க வாங்க! இப்பவாவது வந்தீங்களே!"

"அம்மா, நான் மருந்துத் திட்டம் பத்தி..."

"மருந்து கிடக்கட்டும். லிஃப்ட் எப்ப ஓடும்?"

மாடிக்கு மாடி இதே பாட்டுத்தான். மேல்மாடி நெருங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் மேலேயிருந்து எதிர்க்கட்சித் துண்டுப்பிரசுரக் கட்டோடு இறங்கி வந்தவன் வேறு யாருமில்லை, மச்சினன்தான்.

"மாமா! என்ன மாமா ஆச்சு?" காகிதங்களைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். சட்டைப்பையில் மாத்திரை இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே முழு மாத்திரை ஒன்றுகூட இல்லை.

"ஊருக்கெல்லாம் முழு மருந்து, உங்களுக்குப் பாதியா?"

லிஃப்ட்காரர் டப்பாவை வாங்கி மூடிச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"அக்காகிட்ட சொல்லாதேடா" என்றார், குரலைத் தாழ்த்தி.

சொல்லாமல் இருப்பானா? அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, டாக்டரிடம் காட்டி, வீட்டில் கொண்டுவந்து விட்டு, முதல் வேலையாகச் சொன்னான். அக்கா கத்தவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

"வாய்தான் ஊருக்கே கேட்குதே, இதை ஒரு வார்த்தை என்கிட்ட சொல்ல வரலையா?"

திட்டியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும் நேரே அந்த அடுக்குமாடிக்குப் போனார். முதலில் லிஃப்டைச் சரிசெய்தார். பிறகு அதிலேயே ஏறிப்போய்க் கதவுகளைத் தட்டினார். இந்தத் தடவை கட்சி எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, தன் டப்பாவின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டு, ஆஸ்துமா இன்ஹேலரைத் தங்கையோடு பங்கு போடுகிற ஆசிரியை வாய் திறந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போடுகிற டாக்ஸி ஓட்டுநர், "நான் மட்டும்தான்னு நெனச்சேன்யா" என்று சிரித்தார்.

பக்கத்தில் மச்சினன் நின்றான். மாமாவைத் தனியே விடாதே என்று அக்கா உத்தரவு. வந்ததுதான் வந்தோம் என்று தன் கட்சித் திட்டத்தையும் அங்கேயே விரித்தான். வாசலுக்கு வாசல் இருவரும் மல்லுக்கட்டினார்கள். ஜனங்கள் நாற்காலி போட்டுக் கேட்டார்கள். "மாமனும் மச்சினனும் எப்ப வர்றாங்க?" என்று அடுத்த தெருவிலிருந்து ஆள் விட்டுக் கேட்கிற அளவுக்குப் பேராகிவிட்டது. இரண்டு கட்சி அலுவலகமும் தலையில் அடித்துக்கொண்டன.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆட்சி அமைக்க அந்த இரண்டு கட்சிகளும் கைகோக்க வேண்டியதாயிற்று. பேரம் பேசிப் பேசி ஒருவழியாக மருந்துச் சட்டம் வந்தது. பிரஷர், சுகர், ஆஸ்துமா மருந்து மட்டும், ஆனால் எல்லோருக்கும்.

திட்டம் தொடங்கிய அன்று மூவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடைப்பெண் மாத்திரையைப் பையில் போட்டு நீட்டினாள். லிஃப்ட்காரர் பழக்கதோஷத்தில் பர்ஸை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க சார்" என்றாள் அவள்.

வெளியே வந்ததும் அவர் மார்பை நிமிர்த்தினார். "எல்லாருக்கும்னு இருக்கு பார்த்தியா? அது எங்க கட்சி!"

"இந்த மூணு மருந்துன்னு இருக்கே, அது யார் கட்சி?" என்றான் மச்சினன், கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

"என்னடா கன்னத்துல கை?"

"கடைவாய்ப் பல் மாமா. ஒரு மாசமா உயிர் போகுது. பல் டாக்டர் கேட்கிற காசுல ஒரு சலூனே வைக்கலாம்."

லிஃப்ட்காரரின் கண் பளிச்சிட்டது. "அப்ப பல்லுக்கும் கேட்போம்டா!"

"முதல்ல இவனை ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று அக்கா இருவரையும் பஸ் நிறுத்தத்தை நோக்கித் தள்ளினாள். பஸ் வரும்வரை அவர்கள் சண்டை ஓயவில்லை.