கண்ணீர் அஞ்சலியில் வாங்கிய மார்க்

டிசைன் படிக்கிறேன் என்று சொன்னால் தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரே கேள்விதான் வரும்: "சேலைக்குங்களா, பனியனுக்குங்களா?" இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டு, அப்புறம் எதற்கு என்றும் சொல்லத் தெரியாமல் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும் என்று ஆரம்பத்திலேயே உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

மூன்றாம் வருஷம் எங்களுக்கு 'விஷுவல் கல்ச்சர்' என்று ஒரு பாடம் வந்தது. ஊரில் தினமும் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை யார் செய்கிறார்கள், யார் பார்க்கிறார்கள், அது என்ன சொல்கிறது என்று தெருத்தெருவாக விசாரித்து எழுத வேண்டும். நான் ஏற்கனவே ஒரு பாடத்தில் கோட்டை விட்டிருந்தேன். சிங்காநல்லூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்த அப்பா, இன்னொன்றும் போனால் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். லேத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. காலமெல்லாம் அதன் முன்னால் நிற்பதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

மிச்சமிருந்த தலைப்பு

தலைப்பு எடுக்கிற வாரம் எனக்குக் காய்ச்சல். எழுந்து கல்லூரிக்குப் போனபோது சினிமா பேனர், லாரியின் பின்பக்கம், தீப்பெட்டிப் படம், மோட்டார் கம்பெனிக் காலண்டர் என்று ருசியானது எல்லாம் போயிருந்தது. வெறுங்கையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். எதிர்ச் சுவரிலிருந்து மீசை வைத்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஓர் அம்மாள், அவருக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார். பஸ் வருவதற்குள் மூன்று பேருடைய பிறப்பு, இறப்பு, மகன், மருமகன் எல்லாம் படித்து முடித்திருந்தேன். பல வருஷமாக அந்த ஸ்டாப்பில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

எங்கள் மேடம் சென்னையிலிருந்து வந்தவர். இதுவரை யாருமே தொடாத தலைப்பு என்று சந்தோஷப்பட்டார். ஏன் தொடவில்லை என்பது எனக்குப் புரிந்துதான் இருந்தது. வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேட்டார்: "உசுரோட இருக்கறவனுக்கு ஆகற மாதிரி எதையுமே சொல்லித்தர மாட்டாங்களா அங்க?"

உரிப்பது எப்படி

ஆராய்ச்சிக்குச் சான்றுகள் வேண்டும். மைதாப் பசையில் ஒட்டிய போஸ்டரைச் சும்மா இழுத்தால் ஆள் பாதியில் கிழிந்துவிடுவார். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பிரஷ், பெயிண்டர்கள் சுவருக்குப் பட்டி பார்க்கிற தகடு ஒன்று, இவைதான் என் ஆய்வுக் கருவிகள். ஒருநாள் குளத்துக்கரைப் பக்கம் ஒரு சுவரில் வேலையாக இருந்தபோது, சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று வெகுநேரம் பார்த்தார். "ஏனுங்க, நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். சொந்தமெல்லாம் இல்லை, காலேஜுக்காக என்றேன். "அப்படிங்களா. அவரு எங்க சித்தப்பாங்க" என்றார்.

சித்தப்பா மூக்கு வரைக்கும் சுவரை விட்டு வந்திருந்தார். மன்னிப்புக் கேட்டுத் திரும்ப ஒட்டிவிடலாம் என்றால் பசையும் இல்லை. அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். அடி விழும் என்று நினைத்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பக்கம் மூக்கு போவுது பாருங்க. தண்ணி இன்னுங் கொஞ்சம் உட்டு மொள்ளமா எடுங்க."

குளியல்

போஸ்டர்களை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் ஊரில் போன அத்தனை பேரும் பட்டறையில் இரும்புத் துண்டுகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தார்கள். பட்டறைக்கு வருகிறவர்கள் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுச் சுருட்டி வைப்பதை அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறார்.

நானும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. எழவு வீட்டுக்குப் போனாலும் அதே சட்டம், அச்சகத்துக்குப் போனாலும் அதே சட்டம், சுவரைத் தூரத்தில் நின்று போட்டோ எடுத்தாலும் அதே சட்டம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிய விஷயம். அன்னூரிலும் சூலூரிலும் தனித்தனி நாளில் இரண்டு எழவு வீடுகளுக்கு விசாரிக்கப் போக வேண்டும் என்று நான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா காலிக் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு, ரெண்டு எழவையும் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரு சாமி, ஒரு குளியலோட போயிரும்."

என்ன வகையில் சொந்தம்

படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், ஏன் அந்தப் படம் என்று குடும்பத்தாரிடம் கேட்கச் சொல்லியிருந்தார் மேடம். கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு அன்னூரில் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனேன். போனவர் எண்பது தாண்டிய பெரியவர். நான் வாயைத் திறப்பதற்குள் உட்காரவைத்தார்கள். ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எந்த ஊர் என்றார்கள். சிங்காநல்லூர் என்றேன். "அப்ப நம்ம சின்னத்தாயி வழியாத்தான் இருக்கோணும்" என்று அவர்களே எனக்கு ஒரு சொந்தம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். என் தாடை கூட அந்த வழிதான் என்றார் ஒருவர். அதற்கப்புறம் விஷுவல் கல்ச்சர் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஒரு மணி நேரம் போல் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பது வரைக்கும் தெரிந்துகொண்டேன், படத்தை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதைத் தவிர. எழுந்து, பழக்க தோஷத்தில் கைகூப்பி, "போயிட்டு வாரேனுங்க" என்று தெளிவாகச் சொன்னேன். எழவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும் என்பது கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. மூத்த மகன் வாசல் வரை என்னுடன் வந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "வர வேண்டாமுங்க தம்பி. நல்ல காரியம் ஏதாச்சு இருந்தா நாங்களே சொல்லி உடறோமுங்க."

அழும் கண்

கோட்டைமேட்டில் ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் அச்சகம் வைத்திருந்தார். ஊர்ப் போஸ்டர்களில் பாதி அவருடையது. மேல் மூலையில் ஒரு கண் போட்டு, அதிலிருந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுகிற மாதிரி அச்சடிப்பார். என்னிடம் அதுவரை சேர்ந்திருந்த அவருடைய ஆறேழு போஸ்டர்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்களுக்கு வலது கண் அழுதது, பெண்களுக்கு இடது கண். கண் துடித்தால் ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று பலன் பார்க்கிற ஊர் அல்லவா. விடிய விடிய எழுத வேண்டிய விஷயம் என்று பாயிடம் ஓடினேன். இரண்டு அச்சு இருப்பதாகவும், கைக்கு எது அகப்படுகிறதோ அதைப் போடுவதாகவும் அவர் சொன்னார். ஆனால் என் விளக்கத்தைக் கடைசி வரை ஆர்வமாகக் கேட்டார். "இதுல இம்புட்டு இருக்குதுங்களா" என்றார்.

அடுத்த மாதம் சேகரித்த போஸ்டர்கள் ஒன்று விடாமல் என் கொள்கைப்படியே இருந்தன. காரணம் நான்தான் என்று புரிந்து, நான் அந்த அத்தியாயத்தையே கிழித்துப் போட்டேன். பாய் கிழிக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "ஆம்பளைங்களா, பொம்பளைங்களா" என்று கேட்டுத்தான் அச்சுக் கோத்தார். கொஞ்ச நாள் கழித்து நான் அங்கே நிற்கும்போது, போட்டியாக எதிரே முளைத்திருந்த அச்சகத்தில் போஸ்டர் அடித்த ஒருவர் அதைச் சுருட்டிக்கொண்டு வந்து பாயிடம் முறையிட்டார்: "எங்கப்பனுக்கு எடது கண்ணப் போட்டுட்டானுங்க. அந்தாளுக்கு முறையே தெரியல. நீங்களே வேற அடிச்சுக் குடுத்துருங்க."

பாதி முகம்

ஒருநாள் காலையில் ஒருவர் கல்யாண குரூப் போட்டோவோடு அச்சகத்துக்கு வந்தார். சத்தியமங்கலத்துக்காரர், இங்கே மில்லில் வேலை. அம்மா விடியற்காலையில் தவறிவிட்டார். அம்மாவைத் தனியாக எடுத்த படமே கிடையாது. இவர் கல்யாணத்தில் எடுத்த குரூப்பில் ஓரமாக நிற்கிறார், அதிலும் முன்னால் நிற்பவரின் தலைப்பாகை கண்ணுக்குக் கீழே முகத்தில் பாதியை மறைத்துவிட்டது. பாய் என்னைக் காட்டி, "தம்பி படத்துக்கே படிக்கறவருங்க" என்றார். தப்பிக்க வழியில்லை. இருந்த பாதியைப் பாய் பெரிதாக்கிக் கொடுக்க, மறைந்த பாதியை நான் பென்சிலில் வரைய ஆரம்பித்தேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல வரைந்தேன். கன்னம் இன்னும் ஒட்டியிருக்கும் என்றார். அழித்து வரைந்தேன். காதில் தோடு பெரிதா சிறிதா என்று கேட்டேன். யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அப்போதுதான் அவர் முதல் தடவையாக அழுதார். எனக்கு மார்க், பாடம், லேத்து எதுவும் நினைவில் இல்லை, அந்த அம்மாவின் தோடு மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. கடைசியில் நடுத்தரமாக ஒன்று வரைந்து முடித்துக் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அம்மா மாதிரி இல்லீங்க. எங்க அக்கா மாதிரி இருக்குது. பரவால்லீங்க, அக்கா அப்புடியே அம்மா சாடைன்னுதான் எல்லாருஞ் சொல்லுவாங்க."

தேர்வு நாள்

தேர்வு நாளில், தெருச் சுவரில் இருப்பது போலவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி போஸ்டர்களைக் கல்லூரிச் சுவரில் ஒட்டிவைத்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பெரிய மில் குடும்பத்துப் பெரியவர், ஓவியங்கள் வாங்குகிறவர், எனக்கு முன்னால் போன இரண்டு பேரைக் கண்ணீரோடு அனுப்பியிருந்தார். "இதுக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்பது அவருடைய முதல் கேள்வி. இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்துப் பதிலை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். ஆரம்பித்தேன்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. சுவர்ப் பக்கம் நடந்து ஒரு போஸ்டரின் முன் நின்றார். மில்லில் நூற்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்ற ஸ்பின்னிங் மாஸ்டர் ஒருவருடையது, முந்தின வருஷக் கடைசியில் பீளமேட்டில் உரித்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நெட்டுருப் போட்டதால் நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெரிய மனுஷர், யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னார்: "பொங்கலுக்கு இவருகிட்ட இருந்து வாழ்த்து வரலியேன்னு நானு கோவமா இருந்தனுங்க."

ஞாயிற்றுக்கிழமை

பாஸ் ஆகிவிட்டேன். அந்த மார்க் எனக்குப் போட்டதா, மாஸ்டருக்குப் போட்டதா என்பது இன்றுவரை தெரியாது. பட்டறைக்குப் போய்ச் சொன்னபோது அப்பா லேத்தை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன், வருத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எண்ணெய் வைத்துத் தலை சீவி, முகூர்த்தத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார். ஏதோ கல்யாணம் என்று கூடவே போனேன். நேராக ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, ஸ்டுடியோக்காரரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சிரிக்கோணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். எனக்கு விஷயம் விளங்கியது. கொஞ்சம் சிரிச்சா நல்லா இருக்கும் என்று எப்படியோ சொன்னேன். கொஞ்சம் சிரித்தார். படம் எடுத்து முடித்து எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "படிச்சவன் நீ, நீயே பாத்து ஒண்ண எடுத்து வெச்சுக்க. உங்க மாமங்கிட்ட உட்டா அந்த எலக்சன் கார்டுப் படத்தப் போட்டு என்னைய ஜேப்படித் திருடனாக்கிருவான்."

டிசைன் படித்தவனுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். என்னுடையவர் படிப்பு முடியும் முன்பே ஆர்டர் கொடுத்துவிட்டார், இத்தனை வருஷமாகியும் அதை டெலிவரி எடுக்க அவர் அவசரம் காட்டவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.