ஒரு கரண்டி ஈஸ்ட் பொடி

மலேசியாவின் ஜித்ராவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவுக்குச் சமைத்துப் போடுவது என் வேலை. உப்பும் சர்க்கரையும் அளந்து கலக்கி, வேகவைத்து, குழாய்களில் ஊற்றித் தருவேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். வந்தவரை அரை வயிற்றோடு அனுப்புவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம்.

மெர்கோங்கிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, ட்ரிப்டோபன் என்ற சத்தைப் பாக்டீரியா தானே தயாரிப்பதை ஆராய்ந்தாள். அதற்கான மரபணு விழித்தால் அவள் சோதனைக் குழாய் மஞ்சளாக வேண்டும். மூன்று வாரமாக ஒன்றும் மஞ்சளாகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். ஒரு வருட உழைப்பு வீணாகிவிடும்.

திங்கட்கிழமை கேன்டீனில் டிஷ்யூ தாளில் வரைந்து காட்டினாள். மரபணுவைப் படியெடுக்கும்போது ஆர்.என்.ஏ என்றொரு இழை வளர்கிறது. சத்து தாராளமாக இருந்தால் அந்த இழையின் தொடக்கம் கொண்டை ஊசிபோல் மடிந்து, படியெடுக்கும் நொதியைக் கழற்றிவிட்டுவிடும். சத்து குறைந்தால் வேறு மாதிரி மடியும், வேலை தொடரும். பாதி எழுதிய கடிதமே மீதியை எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறது! கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு இவ்வளவு சாமர்த்தியமா என்று வாயைப் பிளந்தேன். பிறகுதான் என் கரண்டி நினைவுக்கு வந்தது.

"தங்கச்சி, ஒன் பாக்டீரியா மெலிஞ்சி கெடக்கேன்னு, மூணு வாரமா நாந்தான் ஒரு கரண்டி ஈஸ்ட் பொடி கூடப் போட்டேன். அதுல அந்தச் சத்து இருக்கா?"

ஆமென்று தலையாட்டினாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பொடி இல்லாமல் புதிதாகச் செய்து தரச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே செய்து கொடுத்தேன்.

வியாழக்கிழமை குழாய்கள் மஞ்சளாயின. சாமந்திப்பூ நிறம். பட்டினி கிடந்த பிள்ளைகள் தாமே சமைத்துக்கொண்டன. பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, இத்தனை நாள் மஞ்சள் ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கலவையில ஒரு தப்பு இருந்திச்சு சார். அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்துப் பாராட்டாகச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் போனதும் ஈஸ்ட் டப்பாவை எடுத்து, நாற்காலி போட்டு ஏறினாலொழிய எட்டாத மேல்தட்டில் வைத்தேன்.