தூங்க வைத்த கம்ப்யூட்டர்

அடுத்தவர் புகாரைப் போனில் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. யார் வீட்டிலோ குளிர்பதனப் பெட்டி ஓடாவிட்டால் திட்டு இவளுக்குத்தான். பெட்டி விற்ற கம்பெனிக்காக, வீட்டிலிருந்தே நெட் வழியாகப் பார்க்கிற வேலை. அதை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. புருஷன் இருந்த வேலையை உதறிவிட்டு, மூலை அறையில் பழைய சாமான்களைக் கோர்த்து ஒரு கம்ப்யூட்டர் செய்திருந்தான். அதைக் குறை சொல்லி யாரும் மூச்சுவிடக் கூடாது.

கொஞ்ச நாளாக, பேசும்போதே நெட் செத்துப்போனது. இன்னொரு தடவை அழைப்பு அறுந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ரூட்டர்தான் மட்டம் என்று புருஷன் சாதித்தான். புது ரூட்டர் வந்தது. அதுவும் திணறியது.

அவன் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம், அவள் மேசையை நகர்த்தி, அவன் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து நெட் வயரை உருவினாள். தூசியும் முடியும் பிசுக்குமாகக் கையில் அப்பிக்கொண்டது. ஆனால் வெறிபிடித்துச் சிமிட்டிக்கொண்டிருந்த ரூட்டர் விளக்குகள் அடங்கின. செருகினாள், மறுபடியும் பேயாட்டம். அதன் நெட்வொர்க் கார்டு பழுதாகி, ஓயாமல் குப்பைத் தகவலைக் கொட்டி ரூட்டரைத் திணறடிக்கிறது என்று புரிந்தது.

சொன்னதும் அவன் சிரித்தான். தூங்குகிற கம்ப்யூட்டர் ரூட்டரைக் கவிழ்க்குமா என்று கேலி வேறு. மறுபடி திறக்க நேரமாகும் என்று அவன் அதை முழுக்க அணைப்பதே கிடையாது, தூங்க வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். கம்ப்யூட்டர் தூங்கினாலும் கார்டு விழித்திருக்கும் என்றாள் அவள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

நாளைக்கு மேலதிகாரியே லைனில் கூட இருந்து கேட்கப்போகிறார், காலையில் மட்டுமாவது வயர் வேண்டாம் என்று கெஞ்சினாள். இவனிடம் போய்க் கெஞ்சுகிறோமே என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. போனால் போகிறது என்று அவன் தலையாட்டினான்.

மறுநாள், பெட்டி குளிராமல் மருந்தெல்லாம் கெட்டுப்போகிறதே என்று ஒரு பெரியவர் பதறிக்கொண்டிருந்தார். பாதியில் அவர் குரல் நின்றது. ரூட்டரில் மறுபடி அதே பேயாட்டம். சற்று நேரத்தில் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இனி அவளுக்கு அங்கே வேலை இல்லை.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. எதிரே ரூட்டர் விளக்குகள் சட்டென்று அடங்கின. மூலை அறையில் மேசை நகரும் சத்தம். அவன் விரல்களைச் சட்டையில் துடைத்தபடி வந்தான்.

"இப்ப வருதா பாரு. ரூட்டர் தானாவே சரியாயிடுச்சு போல."

அந்த விரல்களைப் பார்த்தாள். அன்று வயரை உருவியபோது தன் கையில் அப்பிய அதே தூசி, அதே பிசுக்கு.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள்.