ராஜாவின் பூட்ஸில் எண்ணெய்

அன்று வேலூர் சர்ச்சைப் பார்க்கப் போனது அப்பா, அம்மா, நான். கல்யாணப் பெண்ணான அக்கா வரவில்லை, ஷூ கம்பெனியில் லீவு தரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் யாரும் இல்லை. இருந்திருந்தால் அம்மாவைத் தடுத்திருப்பார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர். மாப்பிள்ளை வீடு புராட்டஸ்டண்ட். அவர்கள் சர்ச்சில்தான் அடுத்த வாரம் கல்யாணம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் அது. உள்ளே புனிதர் சிலை, சொரூபம் எதுவும் கிடையாது. பக்கவாட்டில் மட்டும் வெள்ளைப் பளிங்கில் ஒருவர் முழங்கால் போட்டிருந்தார். கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

கீழே இங்கிலீஷில் இருந்ததை நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள், அம்மா பையிலிருந்து மந்திரித்த எண்ணெயை எடுத்து, அவர் பூட்ஸ் முனையில் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது புனிதர் இல்ல. சீமை ராஜா."

"கோயிலுக்குள்ள ராஜாவுக்கு இன்னா வேலை? இவரு செபஸ்தியார்."

"பூட்ஸ் போட்டிருக்காரும்மா."

"செபஸ்தியார் பட்டாளத்துக்காரர்தானே? செருப்பில்லாமயா சண்டைக்குப் போவாரு?"

வாட்ச்மேன் ஓடி வந்து துணியால் துடைத்தார். எண்ணெய் இன்னும் பரவி, பளிங்கு மஞ்சளாகிவிட்டது. "ஐயர் ஊருக்குப் போயிருக்காரு, நாளைக்கு சாயந்திரம் வந்துடுவாரு" என்றார், அவர்கள் பாதிரியாரைச் சொல்லி. "அவரு பார்த்தா உங்க கல்யாணம் இங்க நடக்காது. அதுக்குள்ள கறையை எடுத்துடுங்க."

சொரூபக்காரங்க வீட்டிலா பெண் எடுக்கிறாய் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருந்தவர். அவருக்கு இது போதும்.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சாயம் போடும் பக்கம் வேலை செய்தார். அங்கே டிரம்மில் பிசுக்குப் பிடித்தால் ஆசிட்டில் தண்ணீர் கலந்துதான் கழுவுவார்கள். மறுநாள் காலை ஒரு பாட்டிலில் அதைக் கொண்டுவந்தார். சிலைக்கு முன்னால் உட்கார்ந்து, மூடியைத் திறக்கும் முன் என்னைப் பார்த்தார்.

"டேய், நீ கெமிஸ்ட்ரி படிச்சவன். கல்லுல போட்டா ஒன்னும் ஆகாதே?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தது நான் ஒருவன்தான். கரண்டு பில்லிலிருந்து மாத்திரைச் சீட்டு வரை என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

"கல்லுதானேப்பா. ஒன்னும் ஆகாது" என்றேன்.

துணியை நனைத்து வைத்ததும் சோடா மாதிரி பொங்கியது. சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் பட்டால் என்ன ஆகும் என்று பரீட்சையில் சமன்பாடு எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். அந்தச் சுண்ணாம்புக்கல்லும் இந்தப் பளிங்கும் ஒன்று என்பது அப்போதுதான் உறைத்தது. வாளித் தண்ணீரைக் கொட்டினோம். பூட்ஸில் செதுக்கியிருந்த தையல் காணாமல் போய், முனை சொரசொரவென்று ஆகியிருந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது.

"போய்டுங்க. யாரு பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார் வாட்ச்மேன், பாவம்.

அப்பா எழுந்துவிட்டார். எனக்குக் கால் வரவில்லை. நாம் போய்விட்டால் ஐயர் இந்த மனுஷனைத்தானே கேட்பார்?

"நான் இருந்து சொல்லிட்டு வர்றேம்பா. ஒன்னும் ஆகாதுன்னு சொன்னது நான்தானே."

அப்பா பாட்டிலைக் கீழே வைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாயந்திரம்வரை இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஐயர் வந்தார். எண்ணெயிலிருந்து ஆசிட்வரை எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து அந்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரியில எவ்வளவு மார்க்கு தம்பி?"

சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"கல்யாணம் நடக்கும். ஆனா இதை நீங்கதான் சரி பண்ணித் தரணும். மாப்பிள்ளை வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க, வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி."

அன்றே போனோம். பெரியப்பாதான் பேசினார்: "பொண்ணு கால் வைக்கிறதுக்கு முன்னாடியே ராஜா காலை வாரிட்டீங்களே சம்பந்தி!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்குமேல் பெரியப்பா முறுக்கிக்கொள்ளவில்லை.

காட்பாடியிலிருந்து பளிங்கு பாலிஷ் போடுகிறவரைக் கூட்டிவந்தோம். இரண்டு நாள் தேய்த்தார். மஞ்சள் போனது, தையல் வரவில்லை. அக்கா கல்யாணம் பேண்டு வாத்தியம் இல்லாமல் நடந்தது. அதற்கு வைத்திருந்த பணம் பாலிஷுக்குப் போய்விட்டது: கூலி, பவுடர், அவர் பஸ் செலவு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.