அழுகைக்குச் சிரித்த அத்தை

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் ஐசியூவில் எட்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறாள் செவ்வந்தி. தொண்டையில் குழாய் போட்ட பிள்ளைகளுக்கு அழக் குரல் வராது. கண் மட்டும் ஒழுகும். குழாயை எடுத்ததும் கரகரவென்று முதல் அழுகை வரும் பாருங்கள், வார்டே சிரிக்கும். கொஞ்ச நாளாக அதற்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளை பிழைத்தாலும் போனாலும் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மனசு மரத்துவிட்டது, இனி நர்ஸ் வேலைக்கே லாயக்கில்லை என்று முடிவு கட்டினாள். வேலையை விடுவதாக ஹெட் சிஸ்டர் கீதாவிடம் திங்கட்கிழமை சொல்லிவிட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் தம்பி பாண்டியன் மகளுக்குக் காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை தாய்மாமன் வேதகிரி மடியில் உட்கார்ந்திருந்தது. செவ்வந்தி ஒப்புக்கு வந்தவளைப்போல ஓரமாக நின்றாள். ஆசாரி குத்தினார்.

வீறிட்டது குழந்தை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய கத்தல் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும். ஆளாளுக்கு வாழைப்பழத்தோடு ஓடினார்கள். பெற்றவள் அம்முலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

செவ்வந்தி கைதட்டிச் சிரித்தாள். "அழட்டும், அழட்டும்! ஒரு பொட்டு சளி இல்ல. மூச்சு இன்னா கணீர்னு கீது பாரு!"

கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"புள்ள கத்திக்கினு கீது, இன்னா அண்ணி சிரிப்பு?" என்றாள் அம்முலு.

"அடுத்து என் காதையும் குத்தச் சொல்லுவாங்க, மூச்சு எப்டி கீதுன்னு பாக்க," என்றான் வேதகிரி.

"உனுக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும். நீ எங்க அழப்போற?" என்றாள் செவ்வந்தி.

அம்முலுவே சிரித்துவிட்டாள். செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது, தான் சிரித்துக்கொண்டிருப்பது. "எங்க வார்டுல இந்தச் சத்தத்துக்குத்தான் அம்முலு காத்துக்கினு கெடப்போம்," என்றாள். மரத்துப்போகவில்லை. களைத்துத்தான் போயிருக்கிறாள்.

நின்ற இடத்திலேயே கீதாவுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், எனுக்கு இனிமே ஐசியூ வேணாம். பிரசவ வார்டு குடுங்க."

"சரியா கேக்கல, பிரசவ வார்டா? யாரு அங்க அப்படிக் கத்துறது?"

"என் மருமவ. காது குத்துறாங்க."

"பிரசவ வார்டுல தினமும் இதே கத்தல்தான். தாங்குவியா?"

"அதுக்குத்தான் சிஸ்டர் கேக்கறேன்."

ஆசாரி இன்னொரு காதைப் பிடித்தார். செவ்வந்தி போனைக் குழந்தையின் வாய்க்கு நேராக நீட்டினாள்.