கதிரின் இடது ஓரம்

ஒரு சாண் நீளமுள்ள பிலிம் துண்டு. கண்ணாடிபோல நிறமற்றது; எலெக்ட்ரான் கதிர் பட்டால் நீலமாகிவிடும். பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த அக்காவை நினைத்தால், அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் முகம்தான் முதலில் வருகிறது.

அறுவை சிகிச்சைக் கையுறைகளைப் பெட்டியோடு கிருமி நீக்கும் சிறிய துகள் முடுக்கி எங்களுடையது. காந்தங்கள் கதிரைக் குவித்து, இடமும் வலமுமாக வீசித் திரைபோல் விரிக்கும். அடியில் பெட்டிகள் நகர்ந்து போகும். கதிர் ஓரம்வரை சீராக விழுகிறதா என்று தினமும் காலையில் அளப்பது எங்கள் இருவரின் வேலை. அக்கா செலண்டார் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். "கண்ணுக்குத் தெரியலன்னு விட்டா, யாரோ ஒருத்தர் வயித்துக்குள்ள போய்த் தெரியும்" என்பார்.

ஒருநாள் பிலிமின் இடது ஓரம் வெளிறியிருந்தது. மூன்று முறை அளந்தார், அப்படியேதான் வந்தது. கதிரை வீசும் காந்தத்தில் கோளாறு, லைனை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைச் சரிசெய்யக் கருவிகள் எடுத்துவரப் போனார். மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"லாரி காத்துக்கிட்டு இருக்குலா. நீ ஒருதரம் அளந்து குடு. பிலிம நடுவுல மட்டும் வெச்சா போதும்."

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. நடுவில் மட்டும் வைத்தேன். அழகான நீலம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். பெட்டிகள் லாரியில் ஏறிப் போயின.

கிருமி முழுதாகச் சாகவில்லை என்று சில வாரங்களில் சரக்கு திரும்பி வந்தது. நிர்வாகத்தின் விசாரணையில் மேனேஜர் என் தாளைக் காட்டினார். காலையில் கதிர் சரியாகத்தான் இருந்தது, பிறகு அக்கா காந்தத்தில் கைவைத்துக் கெடுத்துவிட்டார் என்றார். அக்கா எழுதிக் கொடுத்த தாள் கோப்பில் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. இன்றும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் புக்கிட் ரம்பாய் பசாரில் அவரைப் பார்த்தேன். இப்போது ஒரு பள்ளி கேண்டீனில் சமைக்கிறாராம். மீன் கடை முன்னாலேயே, "என்னை மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"என்கிட்ட ஏன் கேக்குற? நடந்தது எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுலா."

சொல்லிவிட்டு, ஒரு மீனின் செவுளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

தெரியாதவர்கள், அன்று விசாரித்த நிர்வாகத்தினர், எனக்கு மேல்மாடியில்தான் இருக்கிறார்கள். நேற்று அவர்களில் ஒருவர் லிஃப்டில் என்னிடம் நலம் விசாரித்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.